தலை கட்டாத கீரை

செப்டம்பர் 14, ஞாயிறு

மோட்டார் சைக்கிள் நின்றிருந்த இடத்தை இன்று கொத்தினேன். வீட்டுக்குப் பின்னால் வெயில் நேராக விழும் இடம் அது ஒன்றுதான். இத்தனை வருடம் அந்த வெயிலை ஒரு வண்டி வாங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் சொட்டிக் கறுத்த மேல்மண்ணை வாரி ஒதுக்கிவிட்டு, கீழே வந்த மண்ணில் எரு கலந்து இரண்டு பாத்தி கட்டினேன்.

நாற்று கொடுத்தவர் பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூட்டுக்காரர். தயிர் டப்பாக்களில் வளர்த்து, வேலிக்கு மேலே ஒவ்வொன்றாக நீட்டினார். "கோசு ஜாதிதாம்மா. கொலார்ட்டுன்னு பேரு. இப்ப நட்டா குளிர் முழுக்க ஒடிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்றார். கோசு என்றது மட்டும் மனதில் நின்றது. மீதியைச் சரியாகக் கேட்கவில்லை.

அத்தை சமையலறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கயா நடறே?"

"ஏன் அத்தை?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

அத்தை சும்மா எதையும் கேட்பவர் அல்ல. வேலை பார்த்த காலம் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். எந்தப் பேச்சை எப்போது துண்டிக்க வேண்டும் என்று தெரியும். துண்டித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்காரர் அந்த வண்டியில் ஏறிப் போய் எட்டு மாதம் ஆகிறது. (வீட்டுக்காரர்! வீட்டை விட்டுப் போனவரை இன்னும் அப்படித்தான் எழுதுகிறேன். வீடு என் அப்பா கட்டியது வேறு.) திரும்பி வந்தால் தன் மகன் வண்டியை எங்கே நிறுத்துவான் என்றுதான் அத்தை கேட்டாரோ? அல்லது இனி வரமாட்டான் என்று நான் முடிவு கட்டிவிட்டேனா என்று கேட்டாரோ?

வெயிலுக்காக அந்த இடம் என்று மேலே எழுதியிருக்கிறேன். வெயிலுக்காக மட்டும்தானா? தெரியவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

நாற்று எல்லாம் பிழைத்துக்கொண்டது. நான் எழுவதற்குள் அத்தை தண்ணீர் ஊற்றி முடித்துவிடுகிறார். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இலைகளில் ஓட்டை. திருப்பிப் பார்த்தால் நடுநரம்போடு நரம்பாக ஒட்டிக்கொண்டு பச்சைப் புழு. அதே பச்சை. நான் எத்தனை முறை பார்த்தும் தெரியவில்லை, அத்தை குனிந்த மாத்திரத்தில் ஒன்றைக் கிள்ளி எடுத்துவிட்டார். "நீ போட்டுக் குடுத்த கண்ணாடிதான்" என்றார். நான் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்குப் பார்வை அளந்து சொல்வது என் வேலை. "புழு நல்லாத் தெரியுது. பெத்த பிள்ளையைப் பார்க்கறதுக்குத்தான் உங்க கடையில கண்ணாடி இல்ல."

சிரித்தேன். பிறகு சிரித்திருக்க வேண்டுமா என்று குழப்பம்.

மத்தியானம் அண்ணன் போனில் பேசினான். வழக்கமான கேள்விதான்.

"அந்தம்மா இன்னும் உங்கூடவா இருக்காங்க?"

"வேற எங்க இருப்பாங்க?"

"அவங்க பிள்ளைகிட்ட. கட்டினவன் ஓடிப்போயிட்டான், நீ அவன் அம்மாவுக்குப் பொங்கிப் போட்டுக்கிட்டு இருக்கே. உலகத்துல எங்கயாவது நடக்குமா இது?"

அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முதுகு வலிக்கு நீச்சல் நல்லது என்றார் மருத்துவர். வீட்டுக்காரர் நீச்சல் குளத்துக்குப் போனார். அங்கே சீட்டுக் கிழிக்கும் பெண்ணோடு போய்விட்டார். அத்தை அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்வதில்லை. 'நீச்சல்' என்பார். "முதுகு நேராயிடுச்சு, மத்ததெல்லாம் கோணலாப் போச்சு" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

அன்று அவர் பெட்டியோடு இறங்கியபோது அத்தை வாசல்வரை போய் நின்று பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "காபி போடட்டுமா?" என்றார். நான் "ம்" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். இருங்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் இப்போது இரண்டு பெண்கள், நடுவில் இல்லாத ஓர் ஆளால் உறவானவர்கள்.

அண்ணனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? "செடியில புழு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

அத்தை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போன் பேசுகிறார். தண்ணீர் ஓடும் சத்தம், அதற்கு அடியில் அவர் குரல். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவின அடையாளமே இல்லை.

"யாரு அத்தை?"

"ராங் நம்பர்."

ராங் நம்பரோடு அவ்வளவு நேரமா?

நவம்பர் 2, ஞாயிறு

இலைகள் முறம்போல ஆகிவிட்டன. நீலம் கலந்த பச்சை. மேலே மெழுகு தடவின மாதிரி ஒரு பூச்சு. தண்ணீர் ஊற்றினால் ஒட்டுவதே இல்லை, உருண்டு கீழே போய்விடுகிறது. ஆனால் கோசு வரவில்லை. குருத்தைத் தினமும் விலக்கிப் பார்க்கிறேன். உருண்டை கட்டும் அறிகுறியே இல்லை. மண்ணில் கோளாறா? எண்ணெய் கீழ்வரை இறங்கியிருக்குமோ? ஒரு செடியின் இலைகளைக் கூட்டி நூலால் லேசாகக் கட்டியும் வைத்தேன், உதவியாக இருக்கட்டும் என்று.

பூட்டுக்காரர் வேலிக்கு மேலே பார்த்துவிட்டு, "அது எதுக்கும்மா கட்டு? காயமா?" என்றார்.

"தலை கட்டவே மாட்டேங்குது. அதான்."

அவர் சிரித்த சிரிப்பில் அவர் வீட்டு நாய் குரைத்தது. "இது தலையே கட்டாதும்மா! அன்னிக்கே சொன்னேனே. இதுல இலைதான் எல்லாம். அடியிலேர்ந்து ஒடிக்கணும், குருத்தை மட்டும் தொடாம விட்டா அதுபாட்டுக்கு மேல போயிக்கிட்டே இருக்கும்."

இத்தனை நாள் வராத ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறேன். கையில் இருந்ததைப் பறிக்காமல்.

அத்தைக்குச் சொன்னேன். "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். "நீ ஆசையாப் பார்த்துக்கிட்டு இருந்தே. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

இது அன்பா, கேலியா? வேறு எதையெல்லாம் இப்படித் தெரிந்துவைத்துக்கொண்டு விட்டிருக்கிறார்?

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பறிப்பு. அடி இலைகளைக் கீழ்நோக்கி ஒடித்தால் 'டக்'கென்று வருகிறது. நடுத்தண்டை உரித்து, இலைகளை அடுக்கிச் சுருட்டி, மெல்லிசாக நறுக்கிப் பூண்டோடு வதக்கினேன். தோல் செருப்பு மாதிரி இருந்தது. அத்தை மென்றுகொண்டே இருந்தார்.

"நல்லாயிருக்கா?"

"இன்னும் முழுங்கல. முழுங்கினப்புறம் சொல்றேன்."

மறுபடி அடுப்பில் ஏற்றித் தண்ணீர் விட்டு நேரம் கொடுத்தேன். பிறகு நன்றாகத்தான் இருந்தது. லேசான கசப்பு. இரண்டு பேரும் சட்டியை வழித்துவிட்டோம்.

நவம்பர் 19, புதன்

கீரை காணாமல் போகிறது. சாயந்திரம் வந்து பார்த்தால் மேற்குப் பக்கச் செடிகளில் அடி இலைகள் இல்லை. முயலோ ஆடோ என்றால் கடித்த தடம் இருக்கும். இது கத்தியால் வெட்டியது. காம்பில் நீர் கசிந்து இன்னும் காயவில்லை. போன வாரமும் இப்படித்தான் ஒரு சந்தேகம் வந்தது. நானே பறித்து மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

அத்தையிடம் கேட்டதற்கு, "அப்படியா?" என்றார்.

நவம்பர் 22, சனி

அவமானம். பூட்டுக்காரரிடம் போய்க் கேட்டுவிட்டேன். நேராகக் கேட்கவில்லை. "உங்க பக்கத்துலேர்ந்து யாராவது வேலி தாண்டி வர்றாங்களா?" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பூட்டுக்காரரின் முகம் மாறியது.

"நான் பூட்டைத் திறக்கிறவன்தாம்மா. அடுத்தவங்க தோட்டத்தைத் திறக்கிறவன் இல்ல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவால்ல" என்றார், அப்படித் தோன்றாத குரலில். நாற்று கொடுத்த மனிதர். அவரிடமே களவைப் பற்றிக் கேட்கப் போனேன். எனக்கு என்னதான் ஆகிவிட்டது?

நவம்பர் 26, புதன்

இன்று பல்வலி. மத்தியானமே கடையிலிருந்து கிளம்பிப் பல் மருத்துவரிடம் போவதற்காகப் பாலத்துப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினேன். முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். அத்தை. தோளில் பெரிய துணிப்பை, அதன் வாயிலிருந்து கீரை இலைகள் யானைக் காதுபோல இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு.

கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். பாலம் தாண்டி மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினார். அந்தத் தெரு எனக்குத் தெரியும். அவன் முகவரியை ஒருமுறை வேறு யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வேலியே பயிரை மேஞ்சிருக்கு! நான் கொத்தின மண்ணு, நான் பிடிச்ச புழு — சரி, புழு அவங்க பிடிச்சது — என் கீரையைப் பறிச்சுக்கிட்டுப் போயி அவனுக்கும் அவளுக்கும் ஆக்கிப் போடறாங்களா? இங்க எங்கூட உக்காந்து சாப்பிட்டுட்டு? நீச்சல் நீச்சல்னு கேலி பண்ணினதெல்லாம் யாருக்காக? அப்ப நான் யாரு? இத்தனை நாள் யாரோட இருந்தேன் நான்?

பல் மருத்துவரிடம் போகவில்லை.

நவம்பர் 27, வியாழன்

ஒன்றும் கேட்கவில்லை. அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் கீரை இருந்தது. நான் தொடவில்லை. "பல்லா?" என்றார். தலையாட்டினேன்.

கடையில் நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிறேன். என்னை யாராவது அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் என்ன சொல்வேன்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அத்தை சமையல் மேடையில் தண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன் அத்தை. நீங்க மூட்டைக் கீரையைப் பையில மறைச்சிட்டீங்க."

கத்தி நிற்கவில்லை. "பார்த்துட்டியா?"

"பஸ்ல."

"அப்பக் கூப்பிட்டிருக்கலாம்ல. வழி முழுக்க நின்னுக்கிட்டே போனேன்."

இந்த மனுஷியை என்னதான் செய்வது! "அவங்க ரெண்டு பேருக்கும் சமைச்சுப் போடறீங்களா?" என்றேன்.

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரு எங்க இருக்காங்க? அவ போயிட்டா. போன மாசமே."

"யாரு?"

"நீச்சல். இவன் தனியாத்தான் கிடக்கான். அதுக்கப்புறம் லிஃப்டு ரிப்பேர் பண்ணப் போன எடத்துல ஏணியிலேர்ந்து விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. வலது கை. ஒரு வெங்காயம் உரிக்க முடியல அவனால."

நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?"

மேடையிலிருந்து கீழே விழுந்த ஒரு தண்டைப் பொறுக்கினேன்.

"ஐயோ பாவம்னு கூட்டிட்டு வந்திருப்பே. அவனும் அதைத்தான் கேக்கறான். 'நீ பேசும்மா, நீ சொன்னா அவ கேப்பா'ன்னு. தினமும் போன். முடியாதுன்னுட்டேன்."

"உங்க பிள்ளை அத்தை!"

"என் பிள்ளைதான். பசிச்சா ஆக்கிப் போடுவேன். அதுக்காக உன் கதவைத் திறந்து விடணுமா? தாயும் பிள்ளையும் ஒண்ணுன்னாலும் வாயும் வயிறும் வேற."

கேட்டதும் நெஞ்சு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "இது எக்சேஞ்சு இல்ல. யாருக்கு லைன் குடுக்கணும், யாரைக் கட் பண்ணணும்னு என் வீட்டுல நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?" என்று கத்தினேன்.

அத்தை உரித்த தண்டுகளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "அதுவும் சரிதான்" என்றார். தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீயே பேசு."

பேசவில்லை. கீரையை அவனுக்குக் கொண்டுபோனதற்காகக் கோபித்தேன். இப்போது அவனை இங்கே கொண்டுவராததற்காகக் கோபிக்கிறேன். எதற்குத்தான் எனக்குக் கோபம்?

டிசம்பர் 3, புதன்

அத்தை பையோடு கிளம்பினார், ஒளிக்காமல். "போயிட்டு வரேன்" என்றார். "ம்" என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பேசினேன். எடுத்தவுடன் என் பெயரைச் சொன்னார். இத்தனை மாதம் கழித்து அந்தக் குரலில் என் பெயர். இன்னொரு முறை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. அது ஆசையா, பழக்கமா? அடுத்த ஞாயிறு சாப்பிட வரச்சொல்லிவிட்டேன்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "என்ன சமைக்கட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 14, ஞாயிறு

வந்தார். சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ஆனால் மணி அடித்துவிட்டு வாசலில் நின்றார். இளைத்திருந்தார். கையில் மாவுக்கட்டு, அதைத் தாங்கக் கழுத்தில் ஒரு துணித் தூளி. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். கீரை பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போயிற்று.

"என் வண்டி நின்ன எடத்துல விளைஞ்சதா இது? அதான் பெட்ரோல் வாசனை" என்றார். நான் சிரித்துவிட்டேன். நூல் கட்டின கதையைச் சொன்னேன். அவரும் சிரித்தார். நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். 'என்னை மன்னிச்சிடு' என்று சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார். நான் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களா?" என்றேன்.

சாப்பிட்டதும் சோபாவில் பழைய மூலையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார், வாயைத் திறந்துகொண்டு. பார்த்துக்கொண்டு நின்றேன். மனம் பொங்கும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பின்னால் போய்ச் செடிகளில் பழுத்த இலைகளைக் கிள்ளினேன். கிள்ள ஒன்றும் மீதி இல்லாத பிறகும் அங்கேயே நின்றேன்.

விழித்ததும், "ஒரு டீ கிடைக்குமா?" என்றார். தண்ணீரை அடுப்பில் வைத்தேன். சமையலறையிலிருந்தே கேட்டேன்:

"பஸ் எத்தனை மணிக்கு?"

யோசித்துக் கேட்டதல்ல. வாய் கேட்டுவிட்டது. வந்துவிட்டுப் போகிறவர்களிடம் கேட்பதுபோல.

அத்தை துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். பிறகு சோபாவிலிருந்து அவர் குரல் வந்தது. "ஆறரைக்கு ஒண்ணு இருக்கு."

வாசலில் செருப்பு மாட்டும்போது அத்தையிடம், "நீயாவது வாம்மா. கைக்கு ஆபரேஷன் பண்ணிப் பிளேட் வைக்கணும்னு சொல்றாங்க. ஒரு ஆள் வேணும்" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். பிள்ளையிடம் போகாதீர்கள் என்று ஒரு தாயிடம் சொல்ல நான் யார்? கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, வரேன்" என்றார் அத்தை.

வீட்டுக்காரரை வேண்டாம் என்று சொன்னேனா இன்று? சொன்னமாதிரிதான் இருக்கிறது. அப்படியென்றால் இவ்வளவு கனம் எதனால்?

டிசம்பர் 17, புதன்

அத்தை போய்விட்டார். சின்னப் பெட்டி. எப்போது வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

அண்ணன்: "அப்பாடா, ஒருவழியா முடிஞ்சுது. இனிமேலாவது நிம்மதியா இரு."

நிம்மதி என்பது இதுதானா? வீடு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டி ஓடும் சத்தம்.

டிசம்பர் 29, திங்கள்

ராத்திரி உறைபனி. காலையில் செடிகளைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இலைகள் கண்ணாடிபோல விறைத்து, கறுத்து, தொங்கிப்போயிருந்தன. தொட்டால் நொறுங்கும் போலிருந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று வேலைக்குக் கிளம்பினேன்.

பூட்டுக்காரர் வேலியருகே நின்றிருந்தார். அன்றைய பேச்சுக்குப் பிறகு இன்றுதான் வாய்திறந்தார். "பிடுங்கிடாதீங்கம்மா. வெயில் வரட்டும். பனி பட்டாத்தான் இது இனிக்கும்."

சாயந்திரம் வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து நிற்கின்றன! நாலு இலை ஒடித்து வந்து வதக்கினேன். நின்றபடியே சட்டியிலிருந்து எடுத்து வாயில் போட்டேன். இனிக்கிறது. நிஜமாகவே. அந்தக் கசப்பு எங்கே போயிற்று?

"அத்தை, இதைப் பாருங்களேன்!" என்று கத்தினேன்.

வீட்டில் யாருமில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அவன் போன சமயம் எத்தனையோ நாள் அழுதிருக்கேன். ஒருநாள்கூட அவனை இப்படி வாய்தவறிக் கூப்பிட்டதில்ல. ஏன்? இவங்க எனக்கு யாரு? அம்மா இல்ல. அவன் இல்லாம மாமியார்னு சொல்லவும் முடியாது. பேரே இல்லாத ஒருத்தரை எப்படித் தேடறது?

ஜனவரி 4, ஞாயிறு

போனேன். பை நிறையக் கீரை ஒடித்துக்கொண்டு, அதே பேருந்தில், அதே நிறுத்தத்தில் இறங்கினேன். சலவைக் கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதை ஒட்டி ஒரு ஆள் நிற்கும் அளவுக்குச் சமையல் இடம். கதவைத் திறந்தவர் அவர்தான். கையில் புதுக் கட்டு. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அத்தையைப் பார்க்க வந்தேன்" என்றேன்.

வெளிச்சம் இறங்கியது. கெட்ட மனிதர் இல்லை. "உள்ள இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போவதாகக் கிளம்பிவிட்டார்.

அத்தை கீரையை வாங்கி, ஒரு துணுக்கைக் கிள்ளிப் பச்சையாகவே மென்றார். "இனிக்குதே!"

"பனி பட்டுச்சு."

"எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லக்கூடாதா?"

"நீங்களும்தான் பண்ணல."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்க இடமும் இல்லை. தோள் இடித்துக்கொண்டு நின்றோம்.

"வீட்டுக்கு வந்துடுங்க அத்தை."

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு."

அடுப்பைச் சின்னதாக்கினார். "ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னிக்குத்தான் வாயைத் திறந்து சொல்றே. போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. தினம் காலைல, இன்னிக்குச் சொல்லிடுவாளோன்னு எழுந்திருப்பேன். அதான் முதல்ல போயி உன் செடிக்குத் தண்ணி ஊத்தறது. வேலை செய்யற ஆளை யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க பாரு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். குழம்பிக் கிடந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே! ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பேரும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு தனித்தனியாகக் காபி குடித்திருக்கிறோம்.

"எனக்குக் கேக்கத் தெரியல அத்தை."

"எனக்கும்தான்." பிறகு வழக்கம்போலத் துண்டித்தார். "அவனுக்குத் தையல் பிரிக்கட்டும். பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் வருகிறேன் என்றா? வரமாட்டேன் என்றா? திரும்பும் வழி முழுக்க அதையே புரட்டிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

தையல் பிரித்தாயிற்றாம். விரல் அசைகிறதாம். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் மறுபடியும்.

ஜனவரி 29, வியாழன்

இன்றும் அத்தை வரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

குருத்து நீண்டு, இடுப்பு உயரத்துக்குத் தண்டு எழும்பி, மஞ்சள் பூ விட்டுவிட்டது. நாலே இதழ். தேனீ மொய்க்கிறது. பூ வந்துவிட்டால் இலை கடுத்துவிடும், பிடுங்கிவிடுங்கள் என்கிறார் பூட்டுக்காரர். பிடுங்கக்கூடாது, ஒன்றிரண்டை விதைக்கு விட வேண்டும் என்று, போன வாரம் பெட்டியோடு திரும்பி வந்துவிட்ட அத்தை அவரோடு வேலிக்கு மேலே காலையிலிருந்து வாதம். நான் நடுவில் மண்வெட்டியோடு நின்றேன். கடைசியில் ஓரத்துச் செடிகள் இரண்டை விட்டு மற்றவற்றைப் பிடுங்கினோம். வேர் ஒவ்வொன்றும் கைப்பிடி தடிமன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்ததில் ஒரு செடி சட்டென்று வந்து அத்தை மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிடப் போனவள் சிரிப்பில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தையின் மகன் இந்த வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போதைக்கு ஏணி ஏறாத வேலை. புதன்கிழமை அத்தை பார்த்துவிட்டு வந்தார். ஸ்வெட்டரை எல்லாம் தானே துவைத்துப் போட்டிருக்கிறான் என்று பெருமை.

வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டே அத்தை சொன்னார்: "ரொம்ப நெருக்கி நட்டுட்டே. அடுத்த தடவை நடுவுல இன்னொரு முழம் விடணும்."

"அடுத்த தடவை நீங்களே நடுங்க."

"நடத்தான் போறேன். உன்னை விட்டா மறுபடி தலைக்கு நூல் கட்டுவே."

மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டு உள்ளே வந்தோம். வெந்நீர் ஒருவருக்குத்தான் இருந்தது. அத்தை முதலில் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.